பூ பெரிதாக இருந்த டயர்

மகனே முகிலா,

ஒரு வரியில் கேட்ட கேள்விக்கு இத்தனை தாள் வந்திருக்கிறதே என்று மலைத்துப்போயிருப்பாய். "அப்பா, ரெண்டு டயரும் மாத்தணும். அடுத்த மாசத்துலேர்ந்து டெய்லி சிங்கப்பூர். எந்த டயர் ஓகே?" என்று நீ அனுப்பிய வாட்ஸ்அப் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நான் டயர் கடை வாசலில் குந்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து மூன்று முறை படித்தேன். பத்து வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. "சாப்பிட்டீங்களா", "பிரஷர் மாத்திரை இருக்கா" என்று நீ கேட்பதையெல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு நான் "ம்" என்றாலும் போதும், அதையும் சொல்லாமல் விட்டாலும் போதும். இதற்கு அப்படி முடியாது. என் வாயிலிருந்து உனக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

சைஸைச் சொல்லி, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அப்போதே முடித்திருக்கலாம். விரல் நகரவில்லை. டயர் என்று நீ எழுதியதும் எனக்கு வேறொரு டயர் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் உனக்கு டயர் தேர்ந்துகொடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் தாளும் பேனாவும். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நல்ல டயர், கெட்ட டயர் என்று பொத்தாம்பொதுவாக எதுவும் கிடையாது. எந்த ரோடு, எவ்வளவு மழை, ஓட்டுவது யார், பின்னால் உட்காருவது யார் என்று பார்த்துத்தான் டயர். உன்னுடையது ஜோகூரிலிருந்து தினமும் தார் ரோடு, சிங்கப்பூர்ப் பாலம், நெரிசல், பாதி நாள் மழை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வண்டிக் கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கும் சைஸையே போடு. உன் வயதுப் பையன்கள் போடும் "தாயார் சாச்சிங்" வேண்டவே வேண்டாம். மண்புழு மாதிரி ஒல்லியாக இருப்பதால் மலாயில் மண்புழு டயர் என்று பெயர். பார்க்க ஸ்டைலாக இருக்கும், ரோட்டில் ஒட்ட ரப்பர் இருக்காது. ரொம்ப மிருதுவான ரப்பரும் வேண்டாம், நன்றாகப் பிடிக்கும், ஆனால் உன் தூரத்துக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும், தேய்ந்ததை நீ கவனிக்க மாட்டாய். நடுத்தரமாக, மழைத்தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற நீளமான வெட்டு உள்ளதாக எடு. உன் ரிம் இரும்புக் கம்பி வைத்ததில்லை என்பதால் டியூப் இல்லாத டயர் போடலாம், ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழைய சரக்கு என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதே. புது டயர் முதல் சில நாள் வழுக்கும், அதில் வீரத்தைக் காட்டாதே. காற்று வாரத்துக்கு ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன்னால் பார்.

கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் கேட்கவும் கேட்கிறேன். எந்த ரோடு? தினமுமா? வேறு யாரும் இந்த வண்டியை ஓட்டுகிறார்களா? இளவட்டங்களுக்கு என் கேள்வி பெரிய வேடிக்கை. "அங்கிள், டயர் போட வந்தோமா, இன்டர்வியூவுக்கு வந்தோமா லா?" என்று சிரிப்பார்கள். போன மாதம் உம்பாயிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் பெண் கடலோரத்து மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள், வண்டி அவளுடையது. ஆனால் பேசியதெல்லாம் அவன்தான். இந்த டயர் போடு, அந்தக் கலரில் போடு என்று அவனே அடுக்கிக்கொண்டு போனான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஓட்டுறப்ப வண்டி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அவளுக்கு ஒன்னும் தெரியாது அங்கிள், என்னைக் கேளுங்க" என்றான் அவன். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கையில் இருந்த டயர் கம்பியைத் தரையில் போட்டுவிட்டு, "ஓட்டுறவங்களதான் நான் கேக்குறேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், "பிரேக் புடிச்சா பின்னால ஆடுதுண்ணே, மூனு வாரமா" என்றாள். டயரைக் கழற்றினால் உள்ளே ஒரு பக்கம் நூல் பிரிந்திருந்தது. மூன்று வாரமாக அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் காதில் விழவில்லை. அவனை நான் திட்டிய திட்டு அவனுக்குச் சேர வேண்டியது அல்ல என்று உனக்கு இன்னும் கொஞ்சத்தில் தெரியும்.

நீ சின்னப் பிள்ளையாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது, ஜாசின் டவுனில் நான் இப்போது வேலை செய்யும் இதே கடையின் பலகையைப் படித்தாய். மலாயில் 'கெடாய் தாயார்' என்று டயர் கடைக்குப் போட்டிருந்தது. உனக்கு வீட்டுத் தமிழ்தான் முதலில் வந்தது. "அப்பா, இந்தக் கடையில தாயார் விக்கிறாங்களா?" என்று கேட்டாய். உன் அம்மா வண்டியிலிருந்து இறங்கி நின்று சிரித்தாள். அதற்குப் பிறகு பல வருடம் நான் டயர் மாற்றப் போகும்போதெல்லாம், "உங்கப்பா தாயார் மாத்தப் போயிருக்காரு, ஐயா. நாளைக்கு உனக்குப் புது அம்மா வரும் பாரு" என்று உன்னைச் சீண்டுவாள். நீ அழுவாய். அந்த வயதில் உன்னை அழவைக்க அது ஒன்றே போதும். இப்போது தினமும் காலையில் அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் இரும்புக் கதவை நான்தான் தூக்கிவிடுகிறேன். பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாம் எஸ்டேட் வீட்டில் இருந்த கடைசி வருடங்களை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நான் செம்பனைக் குலை வெட்டுக்கு மண்டோர், கங்காணி வேலை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வெட்டுக்காரர்களை மேய்க்கக் காட்டுக்குள் போவேன், ஒரு மணிக்குத் திரும்புவேன். உன் அம்மாவுக்கு மலாக்காவில், பத்து பெரண்டாம் பக்கத்துத் தொழிற்சாலையில் மூன்று மணி ஷிப்ட். தொழிற்சாலைப் பஸ் முன்பு எஸ்டேட் வாசல் வரை வரும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் குறைந்து கடைசியில் இவள் ஒருத்திதான் என்றானதும் பஸ் வருவது நின்றது. அதன் பிறகு நான் இறங்கும் வண்டியில் அவள் ஏறுவாள். ஒரே வண்டி, காலையில் செம்மண், மத்தியானம் தார். அதை நாங்கள் பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டோம். உன் அம்மா வண்டி ஓட்டுவதில் என்னைவிட நிதானம். திருப்பத்தில் விளக்குப் போடாமல் அவள் திரும்பி நான் பார்த்ததில்லை. ஆனால் எஸ்டேட்டில் என்னைக் கேட்டிருந்தால், "பொம்பள ஓட்டுறதுதானே" என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அந்த வருட மழையில் மேட்டுப் பிளாக்கில் நான் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். வெட்டுக்காரர்கள் முன்னால் மண்டோர் சேற்றில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய அவமானம். அடுத்த நாளே ஜாசினுக்குப் போய், கட்டை கட்டையாகப் பல் வைத்த தோட்டத்து டயர் இரண்டு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஆ லெக் இப்போது என் முதலாளி. அன்றைக்கு அவர் டயரை எடுக்கவில்லை. இந்த வண்டியில் மலாக்கா பக்கம் யார் போகிறார்கள் என்று கேட்டார். என் பெண்டாட்டி என்றேன். "இனி தாயார் கெபுன் லா. ஜாலான் பெசார் தா போலே" என்றார். தோட்டத்து டயர், பெரிய ரோட்டுக்கு ஆகாது என்று அர்த்தம். வேண்டுமானால் காட்டுக்கு ஒரு ஜோடிச் சக்கரம், ரோட்டுக்கு ஒரு ஜோடிச் சக்கரம் வைத்துக்கொள், ஒரு மணிக்கு வந்ததும் மாற்றிவிடு, பழகினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. வேலை முடிந்து பசியோடு வந்து வாசலில் சக்கரம் கழற்றிக்கொண்டிருப்பதா? டயரின் மேல் இருக்கும் வெட்டை மலாய்க்காரர்கள் பூ என்பார்கள், கேட்டுக் கேட்டு நாமும் பூ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தேய்ந்தால் பூ போச்சு, புதிதானால் பூ இருக்கு. என் புத்தியும் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டது. பூ எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிப்பு என்று நினைத்தேன். ஆ லெக்கிடம் அதையே சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு டயரை மாட்டிக்கொடுத்தார்.

பூ பெரிதாக இருந்தால் சேற்றுக்குள் இறங்கிப் பிடிக்கும். தாரில் இறங்க இடம் கிடையாது. அந்தக் கட்டைகளின் நுனி மட்டும்தான் ரோட்டில் படும், பிரேக் பிடித்தால் கட்டைகள் வளைந்து வழுக்கும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். இது இன்றைக்கு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்றைக்குத் தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்கலாம். ஆனால் எனக்கு அதைச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆ லெக். இன்னொருத்தி உன் அம்மா. முதல் வாரமே சொன்னாள், "ரவுண்டபோட்டுல திரும்புறப்ப வண்டி மெதக்குதுங்க" என்று. "நீ ஓட்டுற லட்சணம் அப்படி" என்றேன். இரண்டு நாள் கழித்து, "மழையில பிரேக் வெக்கவே பயமா இருக்குங்க, அந்தப் பழைய டயரையே போட்டுருங்களேன்" என்றாள். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நான் உன்னைப் பார்த்துக் கண்ணடித்து, "உங்கம்மாவுக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துருவோமா?" என்றேன். நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை அதிகம் எடுக்கவில்லை. இரண்டு மாதம் அந்த டயரில் மலாக்காவுக்குப் போய் வந்தாள். இரண்டு மாதமும் ஒவ்வொரு திருப்பத்திலும் பயந்துகொண்டு போயிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்க அவள் சாக வேண்டியிருந்தது.

அந்த நாளைப் பற்றி நீ அறிந்தது பாதி. நீ பள்ளிக்கூடத்தில் பாரம் ஐந்தில், கடைசி வகுப்பில் இருந்தாய். மத்தியானம் சிநேகிதன் போனிலிருந்து கூப்பிட்டு, சரித்திரப் பாட ஃபைலை வீட்டிலேயே மறந்துவிட்டேன், நாலு மணிக்குள் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்றாய். உனக்குத் தெரியாத பாதி இது. நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். குளித்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "ஏங்க, நீங்க கொண்டுபோயி குடுத்துட்டு வந்துருங்களேன். நான் இன்னிக்கு மேஸ்திரிகிட்டச் சொல்லி லேட்டாப் போறேன். மழ வருது, அந்த டயரு வழுக்குது" என்றாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போற வழிதானே ஸ்கூலு? பூ அவ்ளோ பெருசா இருக்கு, எப்படி வழுக்கும்?" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அடுப்படியில் கொஞ்ச நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தாள், பிளாஸ்டிக் சரசரப்புக் கேட்டது. மழைச்சட்டையை மாட்டினாள், ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னால் கிளம்பினாள். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஜாசினுக்கு முன்னால் செம்பனை ஆலைக்குத் திரும்பும் வளைவில் ஒரு லாரி மெதுவாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அவளுக்கும் லாரிக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது. லாரி அவளைத் தொடவே இல்லை. ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் லாரி மோதியது என்றுதான் சொல்கிறார்கள், அதையும் நான் திருத்தவில்லை. அதை ஓட்டியவர் செர்காம் பக்கத்து மலாய்க்காரர், வயதானவர். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பாங், டியா பிரேக். தாயார் தா மாக்கான்" என்றார். அவள் பிரேக் பிடித்தாள், டயர் ரோட்டைப் பிடிக்கவில்லை என்று சொன்னார். டயர் தின்னவில்லை என்பது அவர்கள் வழக்கு. வண்டி பின்பக்கம் சுழன்று கால்வாயின் சிமெண்டு விளிம்பில் போய் விழுந்திருக்கிறது. நான் அவரிடம், "சரி சரி" என்று தலையை ஆட்டி அவரை அனுப்பிவைத்தேன். வேறு யார் காதிலும் அது விழுந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அப்போது எனக்கு. உன் அம்மா உள்ளே கிடக்கிறாள், எனக்கு அந்த எண்ணம். போலீஸில் கேட்டபோது வண்டியில் ஒரு குறையும் கிடையாது என்றேன்.

போலீஸிலிருந்து வண்டி திரும்பி வந்த அன்றே இரண்டு டயரையும் கழற்றிவிட்டுப் பழைய ரோட்டு டயரை மாட்டினேன். ஆ லெக் சொன்னது சரிதான், பழகாத எனக்கு டயரே சீக்கிரம் மாறிவிட்டது, சக்கரம் இன்னும் சீக்கிரம் மாறியிருக்கும். நீ பின்வாசலில் வந்து நின்று, "ஏம்ப்பா இப்ப டயர் மாத்துறீங்க?" என்று கேட்டாய். "தேஞ்சி போச்சுடா" என்றேன். அந்த டயரின் ஓரத்தில் புது ரப்பரின் முடிகூட உதிரவில்லை. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். கழற்றியதை எஸ்டேட்டில் வெட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் ஒரு வருடத்துக்கு மேல் காட்டுக்குள் அதில்தான் ஓட்டினார், ஒரு தடவைகூட விழவில்லை. டயரில் தப்பு இல்லை. என் ரோட்டுக்குத் தேர்ந்த டயரில் அவளை அவள் ரோட்டுக்கு அனுப்பினேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். துக்க வீட்டில் உன் பெரியத்தை எல்லார் முன்னாலும், "பையன் போன் பண்ணலன்னா அவ அந்த மழையில அடிச்சிப் புடிச்சிக்கிட்டுப் போயிருக்க மாட்டா" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, அழுகையில் வந்த பேச்சு. நீ சுவரோரமாக உட்கார்ந்திருந்தாய். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு கணம் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தேற்றினார்கள். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் அது முடிவான விஷயமாகிவிட்டது. மகன் கூப்பிட்டான், தாய் அவசரமாக ஓடினாள், போய்ச் சேர்ந்தாள். அந்தக் கதை இருக்கிறவரை யாரும் டயரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஒளிந்ததோடு விட்டேனா? எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு நீ தலைகுனிந்து தாளை நீட்டினாய். "ஒரு ஃபைலுக்காகப் பெத்தவளையே அனுப்புன. அதுக்கு இதானா ரிசல்ட்டு?" என்றேன். நான் சொன்னேன், முகிலா. பெரியத்தை சொல்லவில்லை, நான் சொன்னேன். அதை நான் மறந்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய், கோபத்தில் சொன்னது என்று எனக்காக நீயே சமாதானமும் தேடியிருப்பாய். கோபத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிடும் என்ற ஆசையில் சொன்னேன். அடுத்த வாரம் நீ ஜோகூருக்குக் கிளம்பினாய். பஸ் ஸ்டேஷனில் என் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனாய். அந்தத் தொடுகை எனக்கு இன்னும் கூசுகிறது.

எஸ்டேட் வேலையை விட்டு ஆ லெக் கடையில் சேர்ந்தபோது, வயதாகிவிட்டது, காட்டில் நடக்க முடியவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு டயர் கம்பியைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அந்த டயரை மாட்டிக்கொடுத்தது அவருக்கும் உள்ளே கிடக்கிறது என்று நினைக்கிறேன், நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எத்தனையோ பேருக்கு அவரவர் ரோட்டைக் கேட்டு டயர் மாட்டிவிட்டேன். அதில் என் பாவம் ஒன்றும் கழிந்துவிடவில்லை. கழியும் என்று எதிர்பார்த்துத்தான் சேர்ந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் மெசேஜின் கீழே இன்னொரு வரி போட்டிருந்தாய். "ஷிப்ட் மாறுற நாள்ல நித்யாவும் இதே மோட்டார்ல போவா." கல்யாணத்துக்கு முன்னாலேயே உங்களுக்கும் ஒரே வண்டி, இரண்டு ரோடு. மேலே நான் சொன்ன டயரெல்லாம் நீ என்னிடம் சொன்ன உன் ரோட்டுக்கு. அவள் எந்த வழியாகப் போகிறாள், எந்த நேரத்தில் போகிறாள், பாலத்து இரும்பு இணைப்பில் ஏறும்போது அவளுக்கு வண்டி எப்படி இருக்கிறது என்று அவளைக் கேள். கேட்டுவிட்டு டயர் வாங்கு. மாட்டிய பிறகு என்றைக்காவது அவள் வழுக்குது என்று சொன்னால், அன்றைக்கே வண்டியை நிறுத்து. டயர் புதிதாக இருக்கலாம், பூ நிறைய இருக்கலாம், உனக்கு வழுக்காமல் இருக்கலாம். அவள் சொன்னால் வழுக்குகிறது என்றுதான் அர்த்தம். இந்தப் புத்திமதியை என்னிடமிருந்து கேட்க உனக்குக் கசக்கும். ஆனால் இதற்கு நான் கொடுத்த விலையைப் போல வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

டயரை என்னிடம் வந்து மாட்டிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தால் மாட்டித்தருவேன். வராவிட்டால் அங்கேயே எந்தக் கடையிலும் மாட்டிக்கொள், மாட்டுகிறவன் எந்த ரோடு என்று கேட்காவிட்டால் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. என்னை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் நித்யா வீட்டாருக்கு நானே ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன். பெரியத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இது முதலில் உனக்கு வருகிறது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. காரியம் முடிந்த மூன்றாம் நாள் நீ என்னிடம், "அந்த ஃபைல் எங்கப்பா?" என்று கேட்டாய். மழையில் நனைந்து கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அதுவும் பொய். வண்டியின் முன்கூடையில் அது பத்திரமாக இருந்தது, போலீஸிலிருந்து என் கையில் கொடுத்தார்கள். என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் பத்து வருடமாகக் கிடக்கிறது. உன்னிடம் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது, ஏன் என்று பார்த்தால் உனக்கே புரியும். இந்தக் கடிதத்தோடு ஒரே பொட்டலமாக வைத்து அனுப்புகிறேன். நான் பிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறாள். அதைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் போட்டு, மறுபடி முறுக்கி, ரப்பர் வளையம் சுற்றி, அதன் மேல் இன்னொரு முடிச்சு. பை வழியாகவே தெரிகிறது, உள்ளே ஒரு தாள்கூட நனையவில்லை. அவிழ்ப்பதாக இருந்தால் கத்தி வைக்காமல் கையால் அவிழ், ஐயா. அவசரமாகக் கிளம்பியவள் போடும் முடிச்சா இது என்று நீயே பார்.

அப்பா